தொகிதாவின் சுவரும் என் ஈரச் சாக்குகளும்

1

இந்த மாதத்தோடு நான் ஜப்பானில் இந்தக் கோபே நகருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருடத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல முடியும்.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். திண்டுக்கல்லில் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லோருக்கும் கட்டைவிரலில் ஊதா மைதான். ரேஷன் கடையில் அப்பா கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், நான் ஒருநாளும் இதைச் செய்ய மாட்டேன் என்று நினைத்துக்கொள்வேன். ஆறாம் வகுப்பிலேயே எங்கள் தெருவுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவள் நான்.

ஜப்பானுக்கு வந்த முதல் மாதம் வார்டு அலுவலகத்தில் என்னைப் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் என் இடது ஆள்காட்டி விரலைப் பிடித்து, கறுப்பு மையில் புரட்டி, ஒரு அட்டையில் வைத்து உருட்டினார். வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் அதுதான் விதி. பட்டம் வாங்கியவள் என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது ஜப்பானிய மொழி போதவில்லை. விடுதிக்குப் போய்ச் செங்கல்லால் தேய்க்கிற மாதிரி விரலைத் தேய்த்துக் கழுவினேன்.

கையெழுத்துக்கு இங்கே மதிப்பு இல்லை. எல்லாவற்றுக்கும் முத்திரை. சுண்டுவிரல் பருமனில் ஒரு குச்சி, அதன் நுனியில் பெயர், சிவப்பு மை. ஒவ்வொரு வருடமும் என் விசாவைப் புதுப்பிக்க, ‘இந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு’ என்று ஒரு ஜப்பானியர் முத்திரை வைத்துத் தர வேண்டும். எனக்கு அந்த ஆள் தொகிதா, என் முதலாளி.

இந்த மாத ஆரம்பத்தில் குடியேற்ற அலுவலகத்துக்குப் போனேன். இரண்டரை மணி நேரம் நின்ற பிறகு சன்னலில் இருந்தவர் படிவத்தைப் புரட்டினார்.

“பொறுப்பேற்பவரின் முத்திரை இல்லையே?”

“அவர் வெளியூர் போயிருக்கிறார்.”

“வந்ததும் வாங்கி வாருங்கள். மாதக் கடைசிக்குள். அதற்குப் பிறகு என்றால் நீங்கள் இங்கே இருக்க முடியாது.” மிகவும் பணிவாகச் சொன்னார். இங்கே எதையும் பணிவாகத்தான் சொல்வார்கள்.

தொகிதா வெளியூர் போகவில்லை. பத்து நிமிட நடைத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரமாகப் படிவம் அவர் மேசையில் கிடந்தது. முத்திரை வைக்கவும் இல்லை, வைக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அந்தப் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு, ஒருவேளை அப்படியே வாங்கிக்கொள்வார்களோ என்ற நப்பாசையில் வரிசையில் போய் நின்றேன். அவர் முத்திரை வைக்காமல் போனால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் எங்கள் தெருவில் என்னை ‘ஜப்பான் புள்ள’ என்கிறார்கள். என்ன செய்து விரட்டப்பட்டேன் என்று அந்தத் தெருவுக்கு எப்படிச் சொல்வேன் என்பதுதான் இந்த மாதம் முழுக்க என் தலையில் ஓடியது.

2

தொகிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய பெயர் இங்கே பத்திரிகைகளில் வரும். நம் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. அலுவலகத்தில் எல்லோரும் ‘சென்செய்’ என்போம். வாத்தியார் என்று அர்த்தம். ஆனால் அவர் எதையும் சொல்லித் தருவதில்லை.

இருபது வருடத்தில் பதினோரு வீடுகள் கட்டியிருக்கிறார். நம் ஊர்க் கணக்குக்கு அது ஒரு மேஸ்திரியின் ஒரு வருட வேலை. எல்லாம் கான்கிரீட் சுவர்கள். பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது, படம் மாட்ட ஆணி கிடையாது. ஒரு வீட்டில் சன்னல் தரையோடு இருக்கிறது. உட்கார்ந்தால்தான் வெளியே தெரியும், அதுவும் பாசி படிந்த ஒரு சாண் மண் மட்டும். இன்னொரு வீட்டில் சன்னலே இல்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறார். அதன் வழியே வெளிச்சம் சுவரில் இறங்கி வரும். காலையில் ஒரு கோடு, மதியம் ஒரு பட்டை, மாலையில் ஒன்றும் இல்லை. அந்த வீட்டுக்கார அம்மா கடிகாரத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார்.

அவர் வேலை செய்யும் முறை விசித்திரமானது. நாங்கள் வரைந்து கொடுத்த படத்தின் மேல் கறுப்புக் காகிதத் துண்டுகளை வைத்து ஒவ்வொன்றாக மறைப்பார். கதவை மறைப்பார். பத்து நிமிடம் பார்ப்பார். “இது இல்லாமல் இருக்க முடியுமா?” என்பார். முடியும் என்றால் கதவு போய்விடும். ஒரு மாடிப்படியை இப்படி ஏழு மாதம் குறைத்துக்கொண்டே வந்தோம். நான்கு பேர் வேலை பார்க்கிற அந்த அறையில் பென்சிலைவிட ரப்பர்தான் சீக்கிரம் தீரும்.

பத்திரிகைக்காரர்கள் வந்து இதெல்லாம் தியானமா, பௌத்தமா என்று கேட்பார்கள். ஒருமுறை நான் தேநீர் கொண்டுபோய் வைக்கும்போது அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். யுத்தத்தின் கடைசி வருடம், அவருக்குப் பத்து வயது இருக்கும்போது, குண்டு விழுந்து அவர்கள் தெருவே எரிந்துபோனதாம். அவரும் அம்மாவும் நிவாரணக் கொட்டகையில் ஒரு அறையில் ஆறு வருடம் இருந்திருக்கிறார்கள். அறையில் ஒரு சட்டி, ஒரு போர்வை. வேறு எதுவும் இல்லை. அம்மா காலையும் மாலையும் அந்த அறையைப் பெருக்குவாராம். “தியானம் எதுவும் இல்லை. எனக்கு அந்த அறைதான் தெரியும். அதையே திரும்பத் திரும்பக் கட்டுகிறேன்” என்றார். பிறகு கப்பல் கட்டும் தளத்தில் வரைபடக்காரராக இருந்து, முப்பத்தைந்து வயதில் தனியாக வந்தவர். வயிற்றுப் புண் உண்டு. கோபம் வந்தால் கத்த மாட்டார், மாத்திரை போட்டுக்கொள்வார்.

அதைக் கேட்ட அன்று எனக்கு நியாயமாக நெகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. எங்கள் வீட்டிலும் ஒரே அறைதான், அதிலும் ஒன்றும் இல்லை. அதைப் படம் எடுக்க யாரும் வந்ததில்லை. நான் படித்ததே பீரோவும் கட்டிலும் திரைச்சீலையும் உள்ள வீட்டுக்குப் போவதற்காக. இங்கே வந்து, எல்லாம் வாங்க முடிந்தவர்களுக்கு ஒன்றும் இல்லாத அறைகளை வரைந்துகொண்டிருக்கிறேன்.

3

அப்பாவுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வானம் பார்த்த பூமி இருந்தது. இரண்டு வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியதில் எங்களைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டார். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா கட்டட வேலையில் சித்தாள். கொத்தனாருக்குச் சாந்து சுமப்பது, செங்கல் எடுத்துக் கொடுப்பது, சாயந்திரம் கட்டின சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது.

அந்தத் தண்ணீர் ஊற்றுகிற வேலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதுச் சிமெண்டு காய்ந்துபோகாமல் ஈரமாக இருந்தால்தான் பலம் ஏறும். எங்கள் தெருக் குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வரும், ஆளுக்கு நான்கு குடம். ஆனால் கட்டடத்துக்கு லாரியில் வரும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் சுவர்கள் தாகமாக இருந்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் அம்மா வேலை செய்யும் இடத்துக்குப் போய் மணல் மேட்டில் உட்கார்ந்து படிப்பேன். தளத்திலும் தூணிலும் ஈரச் சாக்குகள் தொங்கும். அவற்றிலிருந்து சொட்டுகிற சத்தத்தில்தான் நான் பத்தாவது வரை படித்தேன்.

சென்னையில் கட்டடக்கலை படித்தேன். உதவித்தொகையில் ஜப்பானுக்கு வந்து, ஒரு வருடம் கழித்துத் தொகிதாவுக்கு வேலை கேட்டு விண்ணப்பம் போட்டேன். குடும்பம் பற்றி எழுதச் சொல்லியிருந்த இடத்தில், ‘அப்பா: கட்டட ஒப்பந்தக்காரர்’ என்று எழுதினேன். அம்மாவைப் பற்றி எதுவும் எழுதவில்லை. தயங்காமல்தான் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொகிதா அதன்பிறகு வாடிக்கையாளர்களிடம் என்னை, “பரனி-சான், இந்தியாவில் வீடு கட்டுகிற குடும்பத்துப் பெண்” என்று அறிமுகப்படுத்துவார். பழனியம்மாள் என்ற பெயர் அவர்கள் வாயில் அவ்வளவுதான் நிற்கும், ‘சான்’ மரியாதைக்கு. நான் தலைகுனிந்து வணங்குவேன்.

4

இப்போது கட்டிக்கொண்டிருப்பது பன்னிரண்டாவது வீடு. ஓய்வுபெற்ற கப்பல் டாக்டர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும். மலைச்சரிவில், லாரி ஏற முடியாத இடத்தில், நாற்பத்தாறு படி ஏறிப் போக வேண்டும். அந்த வீடே ஒரு சுவர்தான். ஒன்பது மீட்டர் நீளம், மேற்குப் பார்த்தது. அந்தி வெயில் அதில் விழ வேண்டும் என்பதுதான் முழு யோசனையும். அந்தச் சுவருக்காக, கான்கிரீட் ஊற்ற அடைக்கும் பலகைகள் எங்கெங்கே சேர வேண்டும் என்று தொகிதா தானே குறித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் நடுவில் இங்கே முன்னோருக்கு விளக்கேற்றும் பண்டிகை. எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்கு முந்தின நாள்தான் சுவரின் மேற்குப் பக்கப் பலகைகளைப் பிரித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றினார்கள். ஊருக்குப் போகாத ஒரே ஆள் நான். மேஸ்திரி நிஷியாமாவுக்கு அறுபது வயது. தன் ஊர்த் தொலைபேசி எண்ணை என்னிடம் எழுதிக் கொடுத்தார்.

“தினமும் ஒருமுறை வந்து பாருங்கள். பார்த்தால் போதும். கையை வைக்க வேண்டாம். ஏதாவது என்றால் எனக்குப் போன் பண்ணுங்கள்.”

முதல் நாளே காற்றடித்துத் தாள் கிழிந்து பறந்திருந்தது. வெயில் நம் ஊர்ச் சித்திரை வெயில் மாதிரி சுவரில் நேராக அடித்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. இன்னும் பலம் ஏறாத பச்சைக் கான்கிரீட். இன்னும் இரண்டு நாள் இப்படிக் காய்ந்தால் மயிர்க்கோடாக வெடிப்பு விடும் என்று எனக்குத் தெரியும்.

நிஷியாமாவின் எண் பையில் இருந்தது. கீழே படிக்கட்டு முனையில் பொதுத் தொலைபேசியும் இருந்தது. சுவருக்குத் தண்ணீர் ஊற்ற நான் ஒருவரைக் கேட்க வேண்டுமா என்ற நினைப்பு வந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக, இவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

மணல் கட்டி வந்த சணல் சாக்குகள் மூலையில் குவிந்து கிடந்தன. துறைமுகத்திலிருந்து வந்தவை. நாற்பது சாக்கைப் பிரித்து, சுவரின் தலையில் செங்கல் பாரம் வைத்துத் தொங்கவிட்டு, குழாயால் நனைத்தேன். மூன்று நாளும் காலையிலிருந்து இருட்டும் வரை இரண்டு மணிக்கு ஒருமுறை நனைத்தேன். தண்ணீர் சொட்டியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் பாட்டு முணுமுணுத்தேன்.

நான்காம் நாள் நிஷியாமா வந்தார். படி ஏறிய மூச்சோடு சாக்குகளைப் பார்த்தார்.

“இது என்ன?”

எங்கள் ஊரில் சொல்கிற ‘செவருக்குத் தண்ணி காட்டுறது’ என்பதை அப்படியே ஜப்பானிய மொழியில் சொன்னேன். “சுவருக்குத் தாகம். குடிக்கக் கொடுத்தேன்.”

“பீரும் கொடுத்தீர்களா?” என்று சிரித்துக்கொண்டே ஒரு சாக்கைத் தூக்கினார். சிரிப்பு நின்றது.

சாக்கு இருந்த இடமெல்லாம் பழுப்பு. கொதித்த தேயிலைச் சாற்றைத் துணியில் நனைத்து ஒற்றியது போல, சணலின் குறுக்கும் நெடுக்குமான இழைகூடப் பதிந்து, ஒன்பது மீட்டருக்கும் சாயம் இறங்கியிருந்தது.

5

தொகிதா மதியம் வந்தார். சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்தார்.

“இதை எங்கே கற்றீர்கள்?”

அப்போது சொல்லியிருக்கலாம். “கல்லூரியில்” என்றேன். “எங்கள் நாட்டில் புத்தகத்திலேயே இருக்கிறது.”

“போன் ஏன் பண்ணவில்லை?”

நான் குனிந்து, கீழே கிடந்த ஈரச் சாக்குகளை மடிக்க ஆரம்பித்தேன்.

தண்ணீரால் கழுவினார்கள். பிரஷ் போட்டார்கள். ஒரு மூலையில் நீர்த்த அமிலம் வைத்துப் பார்த்தார்கள். அந்த இடம் மட்டும் வெண்குஷ்டம் போல வெளுத்தது. இந்தக் கறையே ஒரு அழகு என்று சென்செய் சொல்லிவிடுவார் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பையன் எனக்கு ஆறுதல் சொன்னான். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் படிக்க அது நன்றாக இருக்கும். ஆனால் தொகிதா அப்படிப்பட்டவர் இல்லை. அவர் நினைத்த சுவர் வேறு, இந்தச் சுவர் வேறு. அதற்குமேல் அவருக்கு அதில் பேச்சில்லை.

அதைவிட மோசமானது இன்னொன்று. என் கல்லூரியிலிருந்து ஒரு பெண் அடுத்த வருடம் இங்கே வர விண்ணப்பித்திருந்தாள். அவளுக்கு இடம் கொடுக்கலாம் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். மறுநாள் தொகிதா அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்தார். “அந்தக் கல்லூரியில் கற்பித்தது இதுதான் என்றால், வேண்டாம். எழுதிவிடுங்கள்.”

எழுதினேன். நல்ல ஆங்கிலத்தில், பணிவாக, ‘தற்போது காலியிடம் இல்லை’ என்று தட்டச்சு செய்து, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி நானே பெட்டியில் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் விசாப் படிவம் அவர் மேசையில் இரண்டு வாரம் கிடந்தது.

6

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போன் பேசும் நாள். இங்கே ஒரு தமிழ்க் கப்பல் இன்ஜினியர் வீட்டில் போய்ப் பேசுவேன். அங்கே எங்கள் தெரு முனை மருந்துக்கடைக்கு அம்மா வந்து காத்திருப்பாள். கடைக்கார அண்ணாச்சிதான் எடுப்பார்.

“அலோ, ஜப்பானா? நல்லாருக்கியா தாயி? இந்தா, ஒங்கம்மா ஒரு மணி நேரமா என் கடைய அடைச்சுக்கிட்டு நிக்கிது.”

“என்ன தாயி, சாப்டியா?” அம்மாவுக்குப் போனில் கத்தினால்தான் கடலைத் தாண்டிக் கேட்கும்.

“சாப்ட்டேன்மா.”

“என்ன வெஞ்சனம்?”

“மீனு.”

“கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? காச்சலா?”

இல்லை என்றேன். பிறகு எப்படியோ சொல்லிவிட்டேன். “இங்க எங்க பெரியவரு செவருக்குப் பூச்சே பூச மாட்டாரும்மா.”

“பூச மாட்டாரா? கையில காசில்லையா?”

“இல்லம்மா. அப்படியே விட்டாத்தான் அழகாம்.”

“நல்லாருக்கே கூத்து! பூசாத வீட்டுல குடியிருந்தா இங்கிட்டு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான்.” பக்கத்தில் அண்ணாச்சி சிரிப்பது கேட்டது.

“அந்தச் செவத்துல நான் சாக்க நனைச்சுப் போட்டேன்மா. நீ போடுவீல்ல, அது மாதிரி. கறை புடிச்சுப் போச்சு. வேலைக்கே ஒல வந்துரும் போலருக்கு.”



“அலசுனியா?”

“என்னது?”

“சாக்க அலசுனியாடின்னு கேக்குறேன்.”

“இல்ல.”

“அடிப் பாவி! எடுத்த எடுப்புல எவளாச்சும் சாக்கத் தூக்கிச் செவத்துல போடுவாளா? மொத நாச் சாயந்தரமே தொட்டியில ஊறப்போட்டு, மிதிச்சு, ரெண்டு தண்ணி அலசிப் பிழிஞ்சுல்ல போடணும். செவப்புச் சிமெண்டுத் தரையில சாயம் எறங்குச்சுன்னா கொத்தனாரு வையிற வசவு காது குடுத்துக் கேக்க முடியாது. சக்கரைச் சாக்குன்னா அத விட மோசம், சிமெண்டு எறுகவே எறுகாது. இம்புட்டு வருசம் எங்கூடத்தான வந்த? மணல்ல ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“நான் படிச்சுக்கிட்டு இருந்தேன்மா.”

“ஆமா. புஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு இருந்த. எனக்குத் தெரியாதாக்கும்.” அம்மா கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான். “ரோட்டுல ஒங்கூடப் படிக்கிற புள்ளைக போகுமுல்ல, பாத்துரும்னு. சரி விடு. அந்தப் பெரியவருக்கிட்டப் போயி, அலச மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. மேஸ்திரிமாருக்கு நேராச் சொல்லிட்டா கோவம் ஆறிரும்.”

போனை வைத்தேன். இன்ஜினியர் வீட்டு ஏழு வயது மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் புரியும், பேச மாட்டாள். ஜப்பானிய மொழியில் கேட்டாள்: “அக்கா, யாரோடு சண்டை?”

“அம்மாவோடு. சண்டை இல்லை.”

“அப்புறம் ஏன் அந்தப் பாஷையில் பேசினாய்?” அவளுக்குத் தமிழ் என்பது பெரியவர்கள் சண்டை போடுகிற பாஷை.

அன்று ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். அம்மாவின் வேலையால்தான் எனக்கு இந்தக் கதி என்று மூன்று வாரமாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். அம்மாவின் வேலையை நான் பாதிதான் பார்த்திருக்கிறேன். தொங்குகிற சாக்கைப் பார்த்திருக்கிறேன். தொட்டியில் அவள் காலால் மிதித்ததை, என் முகத்துக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த புத்தகம் மறைத்துவிட்டது.

7

அம்மா சொன்னதை உடனே செய்தேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. மறுநாள் முத்திரை இல்லாத படிவத்தோடு குடியேற்ற அலுவலக வரிசையில் போய் நின்றேன். அங்கே நடந்ததை முதலிலேயே சொன்னேன். அன்று மதியம்தான் தொகிதாவிடம் போனேன். அவர் மேசையில் வழக்கம்போல் ஒன்றும் இல்லை. ஒரு டம்ளர் வெந்நீர் மட்டும்.

“சாக்கு விஷயம் கல்லூரியில் கற்றதில்லை. அந்தக் கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் அம்மா கட்டட வேலையில் கூலி ஆள். சாந்து சுமக்கிறார். அவரைப் பார்த்துச் செய்தேன்.”

அவர் நிமிர்ந்தார். “அப்பா ஒப்பந்தக்காரர் என்று...”

“வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார்.”

அவர் வெந்நீரைக் குடித்து முடித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“உங்கள் அம்மா செய்தால் கறை பிடிக்காதா?”

“பிடிக்காது. முதல் நாளே ஊறவைத்து, மிதித்து, இரண்டு தண்ணீர் அலச வேண்டுமாம். அது எனக்குத் தெரியவில்லை. நேற்றுத்தான் அவர் சொன்னார்.”

“நிஷியாமாவிடம் சொல்லி வையுங்கள்” என்றார். பிறகு, “சுவரை இடிக்கத்தான் போகிறோம். டாக்டர் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.”

“அந்தப் பெண்ணுக்குத் திரும்பக் கடிதம் எழுதலாமா?”

“எழுதுங்கள்.”

என் படிவத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இவ்வளவு சொன்னபிறகும் அதைக் கேட்க மட்டும் எனக்கு வாய் வரவில்லை. படிவத்தை அவர் மேசையில் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

டாக்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். நான் தரையில் நெற்றி படக் குனிந்து சொன்னதை அவர் மனைவிதான் அவர் காதில் திரும்பச் சொன்னார். அம்மா சாந்து சுமப்பதிலிருந்து, வீடு குடிபோக மூன்று மாதம் தள்ளிப் போகும் என்பது வரை சொன்னேன். டாக்டர் தலையாட்டிவிட்டு, கப்பலில் இதைவிடத் தாமதமாகத்தான் எல்லாம் நடக்கும் என்றார். அந்த அம்மா எனக்குக் குளிர்ந்த பார்லித் தண்ணீர் ஊற்றினார்.

“உங்கள் அம்மா தலையிலா சுமப்பார்?”

“ஆமாம்.”

“கழுத்து வலிக்காதா?”

“பழகிவிட்டது” என்றேன்.

கீழே இறங்கி ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான், அந்தப் பதிலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்தேன். அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

8

அடுத்த வாரம் புதன்கிழமை மாலை என் மேசையில் படிவம் இருந்தது, முத்திரை இல்லாமலே. கூடவே என் பழைய விண்ணப்பத்தின் நகல். ‘ஒப்பந்தக்காரர்’ என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலில் ஒரு மெல்லிய வட்டம். நான் அதை அடித்துவிட்டு, அப்பா சுமை தூக்குபவர் என்றும், அதற்குக் கீழே இல்லாத ஒரு வரியைச் சேர்த்து, அம்மா கட்டடத் தொழிலாளி என்றும் எழுதி, இரண்டையும் அவரிடம் கொண்டுபோனேன். படித்துப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். சிவப்பு மையில் ஒற்றி, படிவத்தில் வைத்து, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு உடைக்கிறார்கள். வந்துவிடுங்கள்.”

அவ்வளவுதான். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கிடைத்தது. அதற்குத் துள்ளிக் குதிக்க உடம்பில் தெம்பில்லை. அறைக்குப் போய் உடுப்பு மாற்றாமல் தூங்கிவிட்டேன்.

இன்று காலை சுவரை உடைத்தார்கள். இயந்திரச் சுத்தியல் முதலில் நடுவில்தான் இறங்கியது. லாரி மேலே வராததால் இடிசலை நாற்பத்தாறு படி இறக்கிக் கீழே கொண்டுபோக வேண்டும். ஆண்கள் வாளியில் அள்ளி, கைக்கு ஒன்றாகத் தூக்கிப் போனார்கள். தொகிதா ஒரு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் நின்றுகொண்டிருந்தேன். சும்மா நிற்க முடியவில்லை. கழுத்தில் இருந்த துண்டைச் சுருட்டிச் சும்மாடு செய்து தலையில் வைத்து, சாந்து குழைக்கிற அகன்ற தொட்டி ஒன்றில் இடிசலை நிரப்பி, தூக்கிவிடச் சொன்னேன்.

நிஷியாமா தூக்கிவிட்டார். “உங்கள் ஊர் முறையா?”

“ஆமாம். அங்கே பெண்கள்தான் சுமப்பார்கள்.”

“ஆண்கள்?”

“சுவர் கட்டுவார்கள்.”

“சௌகரியமான ஊர்” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தலையை அசைக்காமல்.

முதல் நடை போய்விட்டு வந்தேன். இரண்டாவது நடையில் கழுத்தின் பின்புறம் ஒரு கம்பி இறுகியது. மூன்றாவதில் முப்பதாவது படியில் முழங்கால் நடுங்கி, தொட்டி சாய்ந்து, கறை பிடித்த கான்கிரீட் துண்டுகள் எனக்கு முன்னால் படிப்படியாக உருண்டு போயின. யாருக்கும் அடி இல்லை. நிஷியாமா வந்து தொட்டியை வாங்கிக்கொண்டார்.

“போதும் பரனி-சான். குழாயை எடுத்துத் தண்ணீர் அடியுங்கள். தூசி அடங்கட்டும்.”

இப்போது அறையில் கழுத்தில் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். தலையைத் திருப்ப முடியவில்லை. மூன்று நடை, ஒருவழிக்கு நாற்பத்தாறு படி. நான் கட்டடக்கலை படித்தவள். ஒரு தூண் எவ்வளவு தாங்கும், ஒரு உத்தரம் எந்த இடத்தில் வளையும் என்று கணக்குப் போடத் தெரியும். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறாள், ஒரு சட்டிச் சாந்து எத்தனை கிலோ, எந்த மாடிக்கு மேல் அவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைக் கேட்க, அடுத்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது.